சிறுதேரும் சிறுவிலையும்

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக் காட்சி ஒன்றைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் தீட்டியுள்ளார். முற்றத்தில் காயும் உணவைக் கொத்த வந்த கோழியை விரட்டக் கையில் வேறொன்றும் அகப்படாத மனைமகளிர், காதில் கிடந்த பொன்னணியைக் கழற்றி வீசுகின்றனர். வீசிய அணி மண்ணில் விழுந்து, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. அந்நகரின் செல்வச் செழிப்பைக் காட்ட வந்த காட்சி இது. ஆயினும் அதனுள் விலை பற்றிய நுண்ணிய உண்மை ஒன்றும் அடங்கியிருக்கிறது. வணிகனுக்குப் பொன்னாக இருந்தது, தேருருட்டும் சிறுவனுக்கு வழியில் கிடக்கும் இடையூறு. ஒரு பொருளின் மதிப்பு அதனைக் காணும் கண்ணைப் பொறுத்தே அமைகிறது.

குழந்தைகளின் வண்டி விளையாட்டைப் போற்றுவதில் தமிழினம் யாருக்கும் பின்தங்கியதன்று. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவத்துக்கே சிறுதேர்ப் பருவம் என்பது பெயர். மரத்தாலும் மண்ணாலும் செய்த அச்சிறுதேர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகரத்தாலும் இரும்பாலும் ஆகிப் பொம்மை இரயிலாக உருமாறியது. அந்தப் பொம்மை இரயில்களை முதியவர்களும் தேடிச் சேர்க்கும் காலம் பின்னர் வந்தது. அவற்றைச் சேர்ப்போர் கூடினால் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு: யார், எங்கே, எவ்வளவு குறைந்த விலைக்கு எதனை வாங்கினார் என்பதே அப்பேச்சு. அத்தகைய மலிவு எவ்வாறு பிறக்கிறது, அதனை அடைவதற்கு உரிமை பெற்றவர் யார் என்பவை வரலாற்றின் துணைகொண்டு ஆராயத்தக்கவை.

மெய்யான இரயில் ஓடத் தொடங்கிய நாடுகளில் எல்லாம் பொம்மை இரயிலும் அதன் பின்னாலேயே வந்தது. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830-இல் இரயில் ஓடிற்று. ஜெர்மனியின் முதல் இரயில் 1835-இல் நூரம்பெர்க் நகரிலிருந்து புறப்பட்டது. பொம்மைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற அந்நகரின் கைவினைஞர்கள் கண்ணெதிரே கண்ட வண்டியைத் தகரத்தில் வடித்தனர். கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859-இல் தொடங்கிய மார்க்லின் நிறுவனம் முதலில் செய்து விற்றவை பொம்மை வீடுகளுக்கான சமையற் பாத்திரங்கள். அந்நிறுவனமே 1891-இல் லைப்சிக் சந்தையில், தண்டவாளத்தோடு கூடிய சாவி இரயிலைக் குறிப்பிட்ட பாதை அகலங்களில் வகுத்து விற்பனைக்கு வைத்தது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் சேகரிப்புக் கலையின் விதை அன்றே ஊன்றப்பட்டது. அளவு ஒன்றாக வரையறுக்கப்பட்டபின், இன்று ஓர் எஞ்சினும் அடுத்த ஆண்டு ஒரு பெட்டியும் வாங்கி இணைக்கலாம். ஒன்று இருந்தால் மற்றொன்றை நாடும் ஆசைக்கு வழி பிறந்தது.

அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டில் லயனல் நிறுவனம் தோன்றியது. லிவர்பூலில் மெக்கானோ என்னும் கட்டுமான விளையாட்டுப் பொருளை உருவாக்கிய ஃபிராங்க் ஹார்ன்பி, 1920-இல் தம் பெயரிலேயே சாவி இரயில்களை விற்கலானார். அவர் 1936-இல் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1938-இல், 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும் ஹார்ன்பி டப்ளோ என்ற சிறிய வகை வெளிவந்தது. மேசை ஒன்றின் மீதே ஒரு நிலையத்தையும் ஊரையும் அமைத்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இந்நிறுவனங்களின் எழுச்சியைக் காட்டிலும் அவற்றின் வீழ்ச்சியே சேகரிப்போர்க்கு வாய்ப்பாக அமைந்தது. நூரம்பெர்க்கின் மாபெரும் பிங் நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தத்தில் சிக்கிச் சரிந்தது. மெக்கானோ நிறுவனத்தை 1964-இல் அதன் போட்டியாளரான லைன்ஸ் சகோதரர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. வாங்கிய நிறுவனமும் 1971-இல் வீழ்ந்தது. லயனல் இரயில்களின் தயாரிப்பு 1969-இல் ஜெனரல் மில்ஸ் என்னும் உணவு நிறுவனத்தின் கைக்கு மாறியது. லிவர்பூல் பின்ஸ் சாலையில் இருந்த மெக்கானோ தொழிற்சாலை 1979-இல் இழுத்து மூடப்பட்டது. ஒவ்வொரு வீழ்ச்சியின்போதும், விற்காமல் தேங்கிய சரக்கு அடிமாட்டு விலைக்குச் சந்தைக்கு வந்தது. அந்நாட்களில் சிறுவர்கள் தொலைக்காட்சிக்கும் பந்தயக் கார் பொம்மைகளுக்கும் மாறிவிட்டிருந்தனர். பரணில் கிடந்த பழைய இரயில்களைக் குப்பையோடு சேர்த்து வெளியே வைத்த வீடுகள் பல.

உலகம் மறந்த அந்த வேளையில் மறவாதிருந்த சிலரே இன்றைய பெரிய சேகரிப்புகளுக்கு அடித்தளமிட்டனர். அமெரிக்காவில் இரயில் சேகரிப்போர் சங்கம் 1954-இல் தோன்றியது. பிரிட்டனில் ஹார்ன்பி இரயில் சேகரிப்போர் சங்கம் 1969-இல் தோன்றியது. எந்த ஆண்டில் எந்த வண்ணத்தில் எந்த எஞ்சின் வெளிவந்தது என்று அவர்கள் பட்டியலிட்டனர். பட்டியல் பிறந்ததும் விலையும் பிறந்தது. விலை பரவலாகத் தெரிந்ததும் பழைய மலிவு மறைந்தது. சங்கம் வைத்து வளர்த்த அறிவே சங்கத்தாரின் மலிவுக்கு முடிவு கட்டியது ஒரு விந்தை.

விற்காத பொருளே அரிய பொருளாகும் என்பது இத்துறையின் மற்றொரு விந்தை. லயனல் நிறுவனம் 1957-இல் சிறுமியரைக் கவரும் எண்ணத்தோடு இளஞ்சிவப்பு எஞ்சினும் மென்னிறப் பெட்டிகளும் கொண்ட ஓர் இரயிலை வெளியிட்டது. இரயில் வேண்டிய சிறுமியர், மெய்யான இரயிலைப் போன்ற கறுப்பு எஞ்சினையே விரும்பினர் போலும்! கடைகளில் அது தேங்கியது, தயாரிப்பும் நின்றது. குறைவாக விற்றதால் குறைவாகவே எஞ்சியது; இன்று அதனை அடைய மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெரும்பொருள் தருகின்றனர். சாதாரண எஞ்சினுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசி ஏமாற்றும் போலிகளும் அதன் பின்னே தோன்றின. மலிவைத் தேடுவோன் போலியையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இவ்விரயில் நல்ல சான்று.

இதனால், மலிவு என்பது தற்செயலாக வாய்க்கும் நற்பேறு என்று எண்ணுவது பிழை என்பது விளங்கும். கற்றவன் கண்ணுக்கே அது புலப்படும். ஓடாத எஞ்சின் பழுதுற்றது என்று விற்பவர் கருதுவார். பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த எஞ்சினில் எண்ணெய் பிசினாக இறுகியிருப்பதே பலமுறை உண்மைக் காரணமாக இருக்கும். துடைத்துப் புதிதாக ஒரு துளி எண்ணெய் இட்டு, தேய்ந்த கரித்துண்டுகளை மாற்றினால் அது மீண்டும் ஓடும். ஹார்ன்பி டப்ளோ தொடக்கத்தில் மூன்று தண்டவாளப் பாதையில் ஓடியது. 1959-இல் இரண்டு தண்டவாள முறைக்கு மாறியது. மாறாதவர்களின் பழைய பொருள்கள் 'இனி உதவாதவை' என்று ஒதுக்கப்பட்டன. அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றையே அறிந்தவர்கள் கூடை கூடையாக அள்ளினர்.

அறியாமல் வாங்குவோர்க்கு வரும் கேடும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வார்ப்புகள் சிலவற்றில், துத்தநாகக் கலவையோடு ஈயம் போன்ற மாசு சேர்ந்துவிட்டது. அத்தகைய வார்ப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, பிட்டுப் போல் உதிரும். அதற்கு மருந்து இல்லை. மேற்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தால், இலவசமாகக் கிடைத்தாலும் அது மலிவாகாது. அடுத்தது, பொருள் வைத்திருந்த அட்டைப்பெட்டி. குழந்தை கிழித்தெறியும் அந்தப் பெட்டி எஞ்சியிருந்தால் எஞ்சினின் மதிப்பு பெரிதும் உயரும். ஆதலால் பழைய பெட்டியைப் போலவே புதிதாக அச்சடித்து விற்போரும் உளர். கெடா போன்ற ஈரக்காற்று மிகுந்த நிலப்பகுதியில் தகரம் துருப்பிடிக்கும். அட்டையைக் கரையானும் இராமபாணப் பூச்சியும் தின்றுவிடும். இங்கே நல்ல நிலையில் ஒன்று கிடைப்பதே அருமை. அது கிடைத்தால் அதன் பின்னே அதனைப் பேணிக் காத்த ஒருவரின் பொறுமை இருக்கிறது என்று பொருள்.

கெடா மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஜித்ரா நகரில் இரயில் நிலையம் இல்லை. இருப்புப் பாதை நகருக்கு மேற்கே, அலோர் ஸ்டாரிலிருந்து அனாக் புக்கிட், கோடியாங் வழியாக வடக்கே செல்கிறது. அப்பாதை 1915-இல் அலோர் ஸ்டாரை அடைந்து, 1918-இல் தாய்லாந்து எல்லையான பாடாங் பெசாரைத் தொட்டது. மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்ட நாள்முதல், பாதை அமைப்பதிலும் அதனைப் பராமரிப்பதிலும் தமிழர் உழைப்பு கலந்துள்ளது. கெடாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கும் இரயில் புதியதன்று.

ஆனால் பொம்மை இரயில் அவர்களுக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. ஹார்ன்பி டப்ளோ வெளிவந்த காலத்தில், தோட்டத்து ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு அளவினது. பெண் தொழிலாளிக்கு அதனினும் குறைவு. ஒரு மின்சாரப் பொம்மை இரயிலின் விலை அக்குடும்பத்தின் பல வாரக் கூலியை விழுங்கிவிடும். லயத்துப் பிள்ளைகள் காலிப் பால் டின்னையும் மத்தி மீன் டின்னையும் கயிற்றில் கோத்து இழுத்தார்கள். பொற்றேர் வேண்டி அழும் பிள்ளைக்கு மண் தேர் கொடுத்த வடமொழி நாடகம் ஒன்று உண்டு. அதனைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். லயத்தின் சிறுதேர் டின்னியல் சிறுதேர் எனலாம். அவற்றுள் ஒன்றையும் எவரும் எடுத்து வைக்கவில்லை. ஹார்ன்பிக்குப் பட்டியல் உண்டு. பால் டின் இரயிலுக்கு ஏது பட்டியல்?

ஜித்ராவின் பெயர் உலகப் போர் வரலாற்றில் 1941 டிசம்பரில் இடம்பெற்றது. அங்கு அமைந்த பிரிட்டிஷ் தற்காப்பு வரிசை டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில் ஜப்பானியரிடம் உடைந்தது. அடுத்த ஆண்டில் சயாம்–பர்மா மரண இரயில் பாதை வேலை தொடங்கியது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்க்கப்பட்ட தண்டவாளங்களும் அங்கே கொண்டுபோகப்பட்டன. பாதை 1943 அக்டோபரில் இணைந்தது.

போரில் தோற்ற ஜப்பான், பிழைப்புக்காக முதலில் ஏற்றுமதி செய்த பொருள்களுள் தகரப் பொம்மைகளும் அடங்கும். 1947 முதல் 1952 வரை அந்நாட்டிலிருந்து சென்ற பொருள்களில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டன. அம்முத்திரை கொண்ட பொம்மைகள் அன்று அற்ப விலைக்கு விற்றன. இன்று அம்முத்திரைக்காகவே தேடப்படுகின்றன. அத்தகைய தகர இரயில் ஒன்றைக் கையில் எடுக்கும் மலேசியத் தமிழர், அதன் விலையை மட்டும் கணக்கிட்டுவிட்டு வைத்துவிட முடியுமா? இரும்புப் பாதையில் தந்தையரை இழந்த பிள்ளைகள் வளர்ந்த அதே ஆண்டுகளில் செய்யப்பட்ட இரயில் அல்லவா அது! பொருளுக்குள் உறங்கும் இவ்வரலாற்றை உணர்வதும் சேகரிப்போன் பெற வேண்டிய கல்வியின் ஒரு பகுதியே.

இன்றைய நிலையில், வட மலேசியாவில் பொம்மை இரயில் தேடுவோர்க்கு வழிகள் இல்லாமல் இல்லை. பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை போன்ற இடங்களும், ஜப்பானியப் பழைய பொருள்களைக் குவித்து விற்கும் கடைகளும் உள்ளன. ஜப்பானின் காட்டோ நிறுவனம் 1965 முதல் 9 மில்லிமீட்டர் பாதை அகலத்தில் சிறிய இரயில்களைச் செய்து வருகிறது. அவற்றுள் மலேசியருக்கு உறவான ஒன்றும் உண்டு. ஜப்பான் தன் '14 வரிசை' நீலநிறத் துயில்பெட்டிகள் சிலவற்றை 2010-இல் மலேசிய இரயில்வேக்கு வழங்கியது. ஜப்பானியப் பாதையின் அகலம் 1067 மில்லிமீட்டர். மலேசியப் பாதையின் அகலம் 1000 மில்லிமீட்டர். அந்த 67 மில்லிமீட்டர் வேறுபாட்டைச் சரிசெய்தே இங்கு ஓட்ட முடியும். அவ்வரிசைப் பெட்டிகளின் மாதிரிகள் ஜப்பானில் ஏராளமாக விற்றவை. குவியலுக்குள் ஒரு நீலப் பெட்டி கிடந்தால், பலருக்கு அது சக்கரம் கழன்ற பொம்மை. அறிந்தவருக்கு அது மலேசிய இரயில் வரலாற்றின் ஓர் ஏடு.

பழைய மலாயா இரயிலையே மாதிரியாகக் காண விரும்புவோர் மேலும் உழைக்க வேண்டும். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் கட்டித் தந்த நீராவி எஞ்சின்களின் மாதிரி, கடை அலமாரியில் எளிதில் கிடைப்பதன்று. மீட்டர் அகலப் பாதையை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 11.5 மில்லிமீட்டர் வரும். ஆகவே 12 மில்லிமீட்டர் பாதைக்கென மேலைநாட்டார் செய்த அடிச்சட்டங்களை வாங்கி, மேற்கூட்டைத் தம் கையால் செய்துகொள்வோர் உண்டு. உடைந்த வண்டியின் அடிச்சட்டம் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கைத்திறன் உடையவனுக்கு அதுவே உண்மையான மலிவு.

மலிவைத் தேடுவது குறித்து ஓர் அறக்கேள்வியும் எழுகிறது. கணவர் மறைந்தபின் வீட்டை ஒழுங்குபடுத்தும் மூதாட்டி ஒருவர், அலமாரியில் இருந்த பழைய இரயில்களைப் பத்து வெள்ளிக்குத் தர முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் மெய்ம்மதிப்பு நூறு மடங்கு என்று வாங்க வந்தவருக்குத் தெரியும். வாய் மூடிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவது திறமையா, தீமையா? சந்தையில் கடை விரித்திருக்கும் வணிகர் தம் சரக்கை அறிந்திருக்கக் கடமைப்பட்டவர். அவரிடம் பெறும் மலிவு கல்விக்குக் கிடைத்த பரிசு. மூதாட்டியோ வணிகர் அல்லர். அவருடைய அறியாமையிலிருந்து பெறும் ஊதியம், உறங்குபவரின் மடியிலிருந்து எடுத்த காசுக்கு ஒப்பாகும். பிறர் பொருளையும் தம் பொருளைப் போலக் கருதி நடப்பதே நேரிய வணிகம் என்று நடுவு நிலைமை அதிகாரத்தில் திருவள்ளுவர் விதித்த முறை, விற்பவருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு வாங்குபவருக்கும் பொருந்தும். "அம்மா, இதன் விலை நீங்கள் சொல்வதைவிடக் கூடுதல்" என்று உண்மையை உரைத்து, நியாயமான தொகையைத் தந்து வாங்குபவர் ஒரு மலிவை இழக்கலாம். ஆனால் அந்த இரயிலோடு சேர்ந்து அதன் வரலாற்றையும் அவர் பெறுவார். எந்த ஆண்டு, எந்தக் கடையில், எந்தப் பிள்ளைக்காக அது வாங்கப்பட்டது என்ற செய்தியை ஏமாற்றப்பட்டவர் சொல்ல மாட்டார், மதிக்கப்பட்டவரே சொல்வார்.

ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே மின்சார இரட்டைப் பாதை 2014-இல் நிறைவுற்றது. கெடாவின் பழைய ஒற்றைப் பாதையும் கைகாட்டி மரங்களும் அதனோடு மறைந்தன. ஆயினும் வடக்கே இரயில் ஊழியர் குடும்பங்களில், பாதை பழுதுபார்ப்போரின் கைவிளக்கோ, தகரப் பெட்டியில் பயணச் சீட்டோ, பழைய நிலையத்தின் முன் எடுத்த நிழற்படமோ இன்னும் இருத்தல் கூடும். பழைய இரும்புக்காரரின் தராசில் அவை எடைக்கு எடை விலைபோகும். மாதிரி செய்வோர்க்கோ, அந்த நிழற்படத்தில் தெரியும் கூரையின் சரிவும் நடைமேடையின் உயரமும் வேறெங்கும் கிடைக்காத அளவுகள்.

ஜித்ராவின் பள்ளி மாணவர் ஒருவர், தாத்தாவிடம் அந்நிழற்படத்தை வாங்கிப் பார்த்து, அட்டையும் பசையும் கொண்டு பழைய நிலையம் ஒன்றைச் செய்யத் தொடங்கினால், அதற்கு ஆகும் செலவு சில வெள்ளிகளே. அருகில் அமர்ந்து, "தண்ணீர்த் தொட்டி இந்தப் பக்கம் இருந்ததப்பா" என்று தாத்தா திருத்துவார். எந்தப் பட்டியலிலும் ஏறாத அச்சொல், காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் கிடந்த பொன்னணியைப் போன்றது. தடை என்று தள்ளிவிட்டுத் தேரை உருட்டிச் செல்லாமல், குனிந்து எடுக்கும் பிள்ளையே அதற்கு உரியவன்.